சீட்டு நம்பர் 4371-ல இருந்து 4426 வரைக்கும்

சனிக்கிழமை காலைல 7 மணி இருக்கும், காவேரிப்பட்டினம் ரோட்ல இருக்கற ஒரு மாங்கூழ் ஃபேக்டரில இருந்து போன். கணக்கு பாக்கற பொண்ணு. "அண்ணா, வாரப் பட்டியல் போட்டேன், செவ்வாய்க்கிழமை வரைக்கும் வந்துட்டு அப்படியே நின்னுடுச்சுங்ணா, சிவப்பு எழுத்துல என்னென்னமோ வருது." நம்பர் ஏதாவது இருக்கா பாரும்மான்னேன். "824-ன்னு போட்டிருக்குங்ணா." கைல இருந்த டீயை அப்படியே வச்சுட்டு வண்டி சாவிய எடுத்தேன்.

வெளியூர்க்காரங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். ஜூன் ஜூலை வந்துட்டா கிருஷ்ணகிரில கூழ் ஃபேக்டரிங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. பெங்களூரா மாங்காய் டிராக்டர்லயும் லாரிலயும் வரிசை கட்டி நிக்கும், சந்தூர், பர்கூர், ஊத்தங்கரைன்னு எல்லா பக்கமும் இருந்து வரும், வே பிரிட்ஜ்ல ஏத்தி எடை போட்டு சீட்டு குடுத்து இறக்கி காலி வண்டிய மறுபடி எடை போட்டு அனுப்பணும். பணம் அன்னைக்கே கைல வராது, வாரக் கடைசில பட்டியல் போட்டு குடுப்பாங்க. ஒரு வருஷம் தோட்டத்தைக் காத்து, மருந்தடிச்சு, பூ கருகாம, காய் உதிராம கொண்டு வந்த மகசூல் மொத்தமும் அந்த வாரம் முழுக்க ஒரு கம்ப்யூட்டருக்குள்ள வெறும் ஒரு வரிசையாத்தான் இருக்கு. நான் இந்த டேட்டாபேஸ் பாக்கற வேலைய பத்து வருஷத்துக்கு மேல பாக்கறேன், ஆனா அன்னைக்குதான் இது உறைச்சது.

824-ன்னா ஏன் அவ்ளோ பதட்டம்னு சொல்றேன். இந்த கணக்கெல்லாம் இருக்கறது எஸ்க்யூஎல் சர்வர்ங்கற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல, அதுல டிஸ்க் சம்பந்தமா மூணு எர்ரர் நம்பர் அக்கம்பக்கமா இருக்கு. 823 வந்தா விண்டோஸே கைய விரிச்சுடுச்சு, டிஸ்க்ல இருந்து படிக்கவே முடியலன்னு அர்த்தம். 825 வந்தா மொதல் தடவை படிக்க முடியல, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணி கடைசில படிச்சுட்டேன்னு அர்த்தம், அது வெறும் தகவல் மாதிரி எர்ரர் லாக்ல ஒரு ஓரமா உக்காந்திருக்கும், ஆனா டிஸ்க் சாகப்போறதுக்கு அதைவிட நல்ல எச்சரிக்கை கிடையாது. 824 வேற ரகம். விண்டோஸ் ஒழுங்கா படிச்சு குடுத்துடுச்சு, ஆனா குடுத்தது நாம எழுதி வச்சது இல்ல. டேட்டாவை பேஜ்னு 8 கேபி துண்டு துண்டாத்தான் வச்சிருக்கும், ஒவ்வொரு பேஜையும் டிஸ்க்ல எழுதறப்ப அதுல இருக்கற எல்லா பைட்டையும் வச்சு ஒரு செக்சம் கணக்கு போட்டு பேஜோட தலைப்புலயே எழுதி வைக்கும், திரும்ப படிக்கறப்ப மறுபடி கணக்கு போட்டுப் பாக்கும், ரெண்டும் ஒத்து வரலன்னா 824. இந்த செக்சம் வசதி 2005 வெர்ஷன்லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி காலத்து டேட்டாபேஸை அப்படியே புது வெர்ஷனுக்கு தூக்கிட்டு வந்தவங்க கிட்ட பழைய செட்டிங்கே இருக்கும், அது "நன்"னு, அதாவது எதையும் சரிபாக்காதேன்னு இருந்தா பேஜ் கெட்டுப்போனாலும் சத்தமே வராது, கெட்ட கணக்கே நல்ல கணக்கு மாதிரி பிரிண்ட் ஆகிட்டிருக்கும். அதனால 824 வந்ததுல ஒரு நல்லதும் இருக்கு, தப்பான பட்டியல் வெளிய போகல.

போய் சேந்தப்ப ரெண்டு விஷயம் நடந்திருந்துச்சு. கம்ப்யூட்டரை ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டாங்க. அப்புறம் ஓனருக்குத் தெரிஞ்ச ஒருத்தர் போன்ல, டேட்டாபேஸை டிடாச் பண்ணி, அதாவது சர்வர்ல இருந்து கழட்டி, மறுபடி அட்டாச் பண்ணுங்க சரியாயிடும்னு சொல்லியிருக்கார், அந்தப் பொண்ணு நான் வர்ற வரைக்கும் தொடமாட்டேன்னு பிடிவாதமா இருந்திருக்கு. அந்த பிடிவாதத்துக்கு கையெடுத்துக் கும்பிடணும். கெட்டுப்போய் சஸ்பெக்ட், அதாவது திறக்கவே மாட்டேங்கற நிலைல இருக்கற டேட்டாபேஸை டிடாச் பண்ணிட்டா திரும்ப அட்டாச் ஆக மாட்டேன்னு அடம் பிடிக்கும், உள்ள இருந்து வேலை பாக்க இருந்த ஒரே வழியும் அடைஞ்சு போகும். நம்மளது சஸ்பெக்ட் ஆகல, ஓடிட்டுதான் இருந்துச்சு, ஆனாலும் அந்த நேரத்துல யாரு எதை தொட்டாலும் வில்லங்கம்தான்.

மொத வேலையா வே பிரிட்ஜ் தம்பிகிட்ட இனிமே வர்ற லோடுக்கெல்லாம் கையால சீட்டு எழுதுன்னு சொல்லிட்டு, சர்வீஸை நிறுத்தி, டேட்டா இருக்கற எம்டிஎஃப், லாக் இருக்கற எல்டிஎஃப் ரெண்டு பைலையும் அப்படியே வேற டிஸ்க்ல காப்பி எடுத்தேன். கெட்டுப்போனதா இருந்தாலும் அதுக்கும் ஒரு காப்பி வேணும், ஏன்னா நாம பண்ணப்போற வைத்தியம் நோயைவிட மோசமா போச்சுன்னா திரும்பி வர்றதுக்கு ஒரு இடம் இருக்கணும். அந்தக் காப்பிய என் லேப்டாப்ல ஏத்தி எல்லா வேலையும் அதுலதான் பண்ணேன், ஃபேக்டரி மெஷின்ல ஒண்ணுகூட பண்ணல.

டேட்டாபேஸ் முழுக்க சரியா இருக்கான்னு பாக்கற செக்டிபி கமாண்டை ஓட்டினேன், 600 எம்பி டேட்டாபேஸ்தான், சீக்கிரமே முடிஞ்சது. ரெண்டு பேஜ் அடி வாங்கியிருக்கு. ரெண்டும் லோடு டேபிள்ல. ஒண்ணு இண்டெக்ஸ் ஐடி 3, அதாவது வண்டி நம்பர் வச்சு தேடறதுக்குப் போட்ட இண்டெக்ஸ். அதைப்பத்தி கவலையே இல்ல, இண்டெக்ஸ் ஐடி 2, 3, 4-ன்னு இருந்தா அது மூல டேட்டாவோட நகல்தான், டிசேபிள் பண்ணிட்டு ரீபில்ட் பண்ணா மூலத்துல இருந்து புதுசா கட்டிக்கும். ஆனா இன்னொண்ணு இண்டெக்ஸ் ஐடி 1, பேஜ் நம்பர் 38214. ஐடி 1-ன்னா கிளஸ்டர்டு, அதுதான் மூலம், அதுதான் டேபிளே. கடைசி வரில வழக்கமா வர்ற வாசகம்: இதை சரி பண்ண குறைஞ்சபட்சம் தேவைப்படற ரிப்பேர் "ரிப்பேர் அலௌ டேட்டா லாஸ்".

போன்ல டிடாச் பண்ணச் சொன்னவர் இப்ப, அந்த கமாண்டை ஓட்டுங்க ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்னார். உண்மைதான், ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. அந்த கமாண்ட் என்ன பண்ணும்னா கெட்டுப்போன பேஜை டேபிள்ல இருந்து கழட்டி வீசிட்டு, அதுக்கு முன்னாடி பேஜையும் பின்னாடி பேஜையும் சேத்து முடிச்சு போட்டுடும். எர்ரர் போயிடும், பட்டியல் அழகா பிரிண்ட் ஆகும், அந்த பேஜ்ல இருந்தவங்க பேரு மட்டும் அதுல இருக்காது. ஃபாரின் கீ, அதாவது ஒரு டேபிளுக்கும் இன்னொண்ணுக்கும் இருக்கற தொடர்பு எல்லாம் அது பாக்காது, அந்த லோடுக்கு குடுத்த முன்பணம் வேற டேபிள்ல தாயில்லாப் பிள்ளையா நிக்கும். செக்டிபியை 2005 வெர்ஷனுக்கு எழுதினது பால் ராண்டல்னு ஒருத்தர், அவர் எழுதினதுகளைப் படிச்சுதான் நான் இதெல்லாம் கத்துகிட்டேன், அந்த ரிப்பேரை எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் தொடணும்ங்கறதும் அங்க கத்துகிட்டதுதான். அந்த கமாண்டோட பேர்லயே டேட்டா போகும்னு எழுதியிருக்கு, அப்புறம் எதுக்கு மொதல்ல அதுகிட்ட ஓடணும்? தூக்கிப் போடறதுக்கு முன்னாடி அந்த பேஜ்ல யார் யார் இருக்காங்கன்னாவது பாக்க வேண்டாமா?

பாத்தேன். டேபிளை முன்னாடி இருந்து வரிசையா படிச்சுட்டே வந்தா 4370 வரைக்கும் வருது, அப்புறம் 824. பின்னாடி இருந்து படிச்சுட்டு வந்தா 4427-ல நிக்குது. நடுவுல 4371-ல இருந்து 4426 வரைக்கும், 56 சீட்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 4 மணில இருந்து 7 மணிக்குள்ள வந்த வண்டிங்க.

செவ்வாய்க்கிழமைன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வந்துடுச்சு. அன்னைக்கு ராத்திரி 9 மணிக்கு இடியும் மழையுமா அடிச்சு கரண்ட் போச்சு, யுபிஎஸ் பேட்டரி செத்து ரெண்டு மாசம் ஆகுது, கம்ப்யூட்டர் டப்புனு அணைஞ்சது. 9 மணிக்குதான் தினமும் பேக்கப் ஓடும். பேக்கப் ஆரம்பிக்கறப்ப எஸ்க்யூஎல் சர்வர் செக்பாயின்ட் போடும், அதாவது மெமரில இருக்கற மாறின பேஜை எல்லாம் டிஸ்க்குக்கு தள்ளிட்டு, எழுதியாச்சுன்னு லாக்ல, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையா எழுதி வைக்கற பைல்ல, குறிச்சுக்கும். இங்கதான் சூட்சுமம். சாதாரணமா கரண்ட் போனா ஒண்ணும் ஆகாது, திரும்ப ஆன் ஆகறப்ப லாக்கைப் பாத்து விட்டதை எல்லாம் சரி பண்ணிக்கும், அதுக்குதான் லாக்கே இருக்கு. ஆனா நாம டெஸ்க்டாப்ல போடற சாதா டிஸ்க் தனக்குள்ள ஒரு சின்ன கேஷ் வச்சிருக்கும், டேட்டா அந்த கேஷுக்கு வந்ததுமே எழுதிட்டேன்னு பதில் சொல்லிடும், நிஜமா தட்டுல எழுதறது கொஞ்சம் கழிச்சு. அதை நம்பி செக்பாயின்ட் முடிஞ்சதுன்னு குறிச்சாச்சு, அடுத்த நொடில கரண்ட் போச்சு. அதுக்கப்புறம் ரிக்கவரி ஓடறப்ப இந்த பேஜ்தான் பத்திரமா எழுதியாச்சேன்னு அதைத் திரும்பிக்கூட பாக்காது. புது வண்டி எல்லாம் அடுத்த பேஜ்ல ஏறிட்டே போகும். சனிக்கிழமை பட்டியல் போட்டு யாராவது படிக்கற வரைக்கும் அந்த பேஜ் கெட்டுப்போனது யாருக்கும் தெரியாது.

பேக்கப்புக்குக் கூட தெரியல, அதுதான் எனக்கு தாங்கல. புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் பேக்கப் ஒழுங்கா முடிஞ்சதுன்னுதான் பதிவாகியிருக்கு. பேக்கப் கமாண்ட்ல "வித் செக்சம்"னு ரெண்டு வார்த்தை சேத்திருந்தா புதன்கிழமை ராத்திரியே பேஜ் சரியில்லன்னு கத்தியிருக்கும். சேக்கல, அதனால கெட்ட பேஜையும் பத்திரமா காப்பி எடுத்து வச்சிருக்கு. இருந்தது ரெண்டே பென்டிரைவ், ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்தி மாத்தி அதே பேர்ல எழுதறது, ஆக நல்ல பேக்கப் எல்லாம் அழிஞ்சு போச்சு. எக்ஸ்பிரஸ் எடிஷன்ல புதுசா பண்ற டேட்டாபேஸ் தானா சிம்பிள் ரிக்கவரிலதான் இருக்கும், அதாவது லாக்கை பேக்கப் எடுக்க முடியாத முறைல, நாமா ஃபுல்லுக்கு மாத்தி, ஒரு நல்ல பேக்கப்பையும் அழிக்காம வச்சு, லாக் பேக்கப்பும் எடுத்திருந்தா அந்த ஒரே ஒரு பேஜை மட்டும் ரீஸ்டோர் பண்ணி லாக்கை மேல ஓட்டி அரை மணி நேரத்துல எந்திரிச்சிருக்கலாம். அந்த சிஸ்டத்தை வேற ஆள் போட்டதுதான், ஆனா ரெண்டு சீசனா நானும்தான் போய்ட்டு வந்துட்டிருக்கேன், பாத்திருக்கணும்.

(மத்த டேட்டாபேஸ் வச்சிருக்கறவங்களுக்கு: மைஎஸ்க்யூஎல்ல இன்னோடிபி, பேஜை அதோட இடத்துல எழுதறதுக்கு முன்னாடி டபுள்ரைட்னு தனியா ஒரு இடத்துல எழுதிடும், பாதில அறுந்தா அங்க இருந்து எடுத்துக்கும். போஸ்ட்கிரெஸ், செக்பாயின்ட்டுக்கு அப்புறம் ஒரு பேஜ் மொத தடவை மாறறப்ப முழு பேஜையும் லாக்ல எழுதி வைக்கும். எஸ்க்யூஎல் சர்வர் கண்டுபிடிச்சு சொல்லும், தானா ஒட்டுப் போடாது. ஆனா டிஸ்க்கே பொய் சொன்னா எதை நம்பறதுக்கும் இல்ல. மைஎஸ்க்யூஎல்ல மாட்டிகிட்டவங்க எடுத்ததுமே ஃபோர்ஸ் ரிக்கவரிய 6-ன்னு போட்டுடாதீங்க, 1-ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா ஏத்துங்க, 4-ஓ அதுக்கு மேலயோ போனா இருக்கறதும் நிரந்தரமா கெட வாய்ப்பு இருக்கு.)

ஓனர் நல்ல மனுஷன்தான், ஆனா வாசல்ல ஆளுங்க நிக்கறாங்க. "அந்த 56 லோடுக்கும் சராசரி எடை போட்டு குடுத்துடலாமா சார்?"னார். எனக்கு மனசு ஒப்பல. டிராக்டர்ல ரெண்டு டன் கொண்டு வந்தவரும் இருப்பார், லாரில எட்டு டன் கொண்டு வந்தவரும் இருப்பார், சராசரி போட்டா ஒருத்தர் காசு இன்னொருத்தருக்குப் போகும். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்கன்னு கேட்டேன்.

மொதல்ல கை குடுத்தது இண்டெக்ஸ் ஐடி 2. யாரோ ஒரு புண்ணியவான் விவசாயி கோடு, தேதி, நிகர எடை மூணையும் சேத்து பட்டியல் வேகமா வரட்டும்னு ஒரு இண்டெக்ஸ் போட்டு வச்சிருக்கார். கிளஸ்டர்டு இண்டெக்ஸோட கீ, அதாவது சீட்டு நம்பர், மத்த எல்லா இண்டெக்ஸ்லயும் தானா கூடவே இருக்கும். ஆக மூல பேஜை தொடாமலே, அந்த இண்டெக்ஸ்ல இருந்து மட்டும் படின்னு ஹின்ட் குடுத்து, அந்த நாலு விவரத்தை மட்டும் கேட்டேன். 56 வரிசையும் வந்துச்சு. சீட்டு நம்பர், ஆள், தேதி, எடை. கூட்டினா 2,48,360 கிலோ. அந்தப் பொண்ணு பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருந்துச்சு, "அப்ப எல்லாரும் இருக்காங்களா அண்ணா"ன்னுச்சு. இருக்காங்கம்மான்னேன். அதனாலதான் சொல்றேன், கெட்டது மூல பேஜா இருந்தா இண்டெக்ஸை எல்லாம் அவசரப்பட்டு டிராப் பண்ணாதீங்க, ரீபில்ட் பண்ணாதீங்க, போனதுல பாதி அதுக்குள்ள இருக்கலாம்.

ஆனா எடை மட்டும் போதாது. என்ன ரகம், என்ன ரேட்டு, தரம் பாத்து எவ்ளோ கழிச்சாங்க, வண்டி நம்பர் என்ன, இதெல்லாம் மூலத்துலதான். 3604 டிரேஸ் ஃபிளாக்கைப் போட்டு டிபிசிசி பேஜ்னு பேஜை அப்படியே திறந்து காட்டற ஒரு கமாண்ட் இருக்கு, அதுல 38214-ஐ திறந்தேன். வரிசை வரிசையா பிரிச்சு காட்டற முறைல வரல, ஏன்னா எந்த வரிசை எங்க ஆரம்பிக்குதுங்கற பட்டியல் பேஜோட கடைசில இருக்கும், அந்த கடைசியே இல்ல. அதனால வெறும் ஹெக்ஸ் எண்ணா, அதாவது ஒவ்வொரு பைட்டையும் 16-ஐ அடிப்படையா வச்ச எண்ணா, கொட்ட சொன்னேன். மேல 96 பைட் தலைப்பு, அது நல்லா இருக்கு. அப்புறம் வரிசைங்க ஆரம்பிக்குது, ஒவ்வொண்ணும் சுமார் 140 பைட். கீழ உருட்டிட்டே போனா சரியா 4096-வது பைட்டோட கத்தி வச்சு வெட்டின மாதிரி நின்னு போய், அதுக்கப்புறம் பக்கம் பக்கமா சைபர். இப்ப வர்ற டிஸ்க் உள்ளுக்குள்ள 4096 பைட்டா எழுதும், 8 கேபி பேஜ்னா ரெண்டு துண்டு. மொத துண்டு எழுதியிருக்கு, ரெண்டாவதுக்கு கரண்ட் இல்ல.

மொத துண்டுல 28 வரிசை முழுசா இருந்துச்சு. அதை கைல பேப்பர் வச்சுகிட்டு ஒவ்வொண்ணா படிச்சேன். எண் எல்லாம் பின்னால இருந்து முன்னால எழுதியிருக்கும், "1சி 11 00 00"-ன்னு இருந்தா திருப்பிப் போட்டு 111சி, அதாவது 4380 கிலோ. இண்டெக்ஸ்ல அதே சீட்டுக்கு 4380. அடுத்தது, அதுவும் சரி. தமிழ்ப் பேரு ஹெக்ஸ்ல எப்படி இருக்கும்னு அன்னைக்குதான் அவ்ளோ நேரம் பாத்தேன், தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் ரெண்டு பைட், ரெண்டாவது பைட் எப்பவும் 0பி, அதனால எண் குப்பைக்கு நடுவுல 0பி, 0பி, 0பின்னு ஒண்ணு விட்டு ஒண்ணு வந்தா அங்க ஒரு ஆளோட பேரு இருக்கு. 29-வது வரிசைல எண்ணெல்லாம் இருக்கு, பேரு "ஏஇ 0பி சி1 0பி ஏ9 0பி பிஎஃப் 0பி", அதோட வெட்டு. ம, உகரம், ன, இகரம். முனி. நம்ம பக்கம் முனின்னு ஆரம்பிக்கற பேரு ஊருக்கு பத்து இருக்கும், ஆம்பளையா பொம்பளையான்னு கூட தெரியாது. இண்டெக்ஸ்ல இருந்த கோடை வச்சுதான் யாருன்னு தெரிஞ்சது.

மீதி 27 பேருக்கு டேட்டாபேஸ்ல எடையத் தவிர ஒண்ணும் கிடையாது. ஆனா சீட்டு இருக்கே. வே பிரிட்ஜ்ல மூணு காப்பி கிழிப்பாங்க, வெள்ளை விவசாயிக்கு, ரோஸ் ஆபீஸுக்கு, மஞ்சள் அங்கயே கம்பில குத்தி வைக்கறது. ரோஸ் எல்லாம் என்ட்ரி போட்டதும் மூட்டை கட்டி மாடிக்குப் போயிடுச்சு, அதே மழைல மாடி ஒழுகி ஈரமாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகிச்சு. மஞ்சள் கம்பிய இறக்கி, எடை போடற தம்பியும் நானும் அந்தப் பொண்ணும் தரைல உக்காந்து ஒவ்வொண்ணா கழட்டினோம். 25 கிடைச்சது. ரகம், ரேட்டு, கழிவு எல்லாம் பேனால எழுதி இருக்கு. ரெண்டு சீட்டு கம்பி குத்தின எடத்துலயே கிழிஞ்சு ஆளைக் காணோம், போன் பண்ணோம். பர்கூர் பக்கத்து ஆளு சீட்டை போட்டோ புடிச்சு அனுப்பிட்டார். இன்னொருத்தர் சந்தூர் பக்கம், போட்டோ எல்லாம் தெரியாது தம்பி திங்கக்கிழமை நேர்ல வரேன்னுட்டார்.

அந்த ரிப்பேர் கமாண்டை நான் கடைசி வரைக்கும் ஓட்டவே இல்ல. எர்ரர் லாக்கை பின்னாடி தள்ளிப் பாத்தா மே மாசத்துலயே 825 ஒண்ணு இருக்கு, அந்த டிஸ்க்கை இனிமே நம்ப முடியாது. புது எஸ்எஸ்டி வாங்கி, அதுல புது டேட்டாபேஸ் பண்ணி, ஒவ்வொரு டேபிளா காப்பி பண்ணி, லோடு டேபிளை மட்டும் 4370 வரைக்கும் ஒரு துண்டு, 4427-ல இருந்து ஒரு துண்டு, நடுவுல நாங்க சேத்த 55 வரிசை, ஐடென்டிட்டி இன்சர்ட்டை ஆன் பண்ணி அதே சீட்டு நம்பரோட. கன்ஸ்ட்ரெயின்ட் எல்லாம் செக் பண்ணேன், முன்பணத்துல ஒண்ணுகூட அனாதையா நிக்கல. அந்த ஞாயித்துக்கிழமை ராத்திரியே யுபிஎஸ்க்கு பேட்டரி மாத்தி, ரிக்கவரிய ஃபுல்லுக்கு மாத்தி, கால் மணி நேரத்துக்கு ஒரு லாக் பேக்கப், ராத்திரி முழு பேக்கப் தேதி போட்ட பேர்ல வித் செக்சமோட, வாரம் ஒரு செக்டிபி. எக்ஸ்பிரஸ்ல, நேரத்துக்கு வேலைய தானா ஓட்டற ஏஜென்ட் கிடையாது, அதனால எல்லாத்தையும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்லயே கட்டினேன். எடுத்த பேக்கப்பை என் லேப்டாப்ல ரீஸ்டோர் பண்ணி திறந்தும் பாத்தேன், திறந்து பாக்காத பேக்கப்பை நான் பேக்கப்னு சொல்றதில்ல.

திங்கக்கிழமை காலைல சந்தூர்காரர் டிவிஎஸ் 50-ல வந்தார், எழுபது வயசு இருக்கும். பச்சை பெல்ட்ட அவுத்து, அறைல இருந்து நாலா மடிச்ச சீட்டை எடுத்து, பிரிக்காமலே "3910 கிலோ தம்பி, செந்தூரா"ன்னார். நான் ஸ்கிரீனைப் பாத்தேன், இண்டெக்ஸ்ல இருந்து வந்த எடை 3910. ரகம் காலியா இருந்த எடத்துல செந்தூரான்னு போட்டேன், ரேட்டு சீட்டுல பாத்து போட்டேன், 56-வது வரிசை. மறுபடி கூட்டினேன், 2,48,360. பட்டியல் பிரிண்ட் ஆச்சு. அவர் பணத்தை எண்ணி வாங்கி, கையெழுத்து போட்டுட்டு, சீட்டை குடுத்துட்டு போங்கய்யான்னு அந்தப் பொண்ணு கேட்டதுக்கு, ஒரு செராக்ஸ் எடுத்துக்கம்மான்னு சொல்லி அது எடுத்து முடிக்கற வரைக்கும் மெஷின் பக்கத்துலயே நின்னு, சீட்டைத் திரும்ப வாங்கி நாலா மடிச்சு பெல்ட்டுக்குள்ளயே வச்சுகிட்டார்.